பூப்போட்டுப் பார்த்த ஆராய்ச்சி

அம்மன் கோயில் வாசலில் ஒரு பித்தளைத் தாம்பாளம். அதில், வாழையிலைத் துணுக்கில் மடித்து நாரால் கட்டிய இருபது பொட்டலங்கள். பத்துப் பொட்டலத்தில் செவ்வரளி, பத்தில் நந்தியாவட்டை. எதில் எது இருக்கிறது என்று கட்டிய பூசாரிக்கே தெரியாதபடி நன்றாகக் குலுக்கியாயிற்று. சுற்றிலும் இருபது மாட்டுக்காரர்கள். நடுவில் செருப்பைக் கழற்றிவிட்டு, சிமெண்டுத் தரையில் கால் சுட, முனைவர் பட்டம் வாங்கிய நான்.

என் தோள்பையில் கம்ப்யூட்டர் தயாரித்துக் கொடுத்த எண் அட்டவணை ஒன்று இருந்தது. எந்த மாட்டுக்கு எந்த வைத்தியம் என்பதை யாருடைய விருப்பும் கலக்காமல் முடிவு செய்ய விஞ்ஞானிகள் நம்பியிருப்பது அதைத்தான். அதை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு, வேலையை ஆத்தாளிடம் ஒப்படைத்திருந்தேன்.

இருபது மாட்டுக்கும் ஒரே நோய். மடிநோய். மடி வீங்கும், காம்பு சூடாகும், பால் திரிந்து வரும். கவனிக்காமல் விட்டால் காம்பு கல்லாகி ஒரேயடியாக அடைத்துக்கொள்ளும். சிவப்புப் பூ வந்தால் அந்த மாட்டுக்குக் கற்றாழை மருந்து, வெள்ளை வந்தால் ஊசி. பத்து நாள் கழித்து எது மேல் என்று பார்ப்பது. திட்டம் இவ்வளவுதான்.

ஒவ்வொருவராக வந்து பொட்டலத்தை எடுத்தார்கள். பிரித்துப் பார்த்தவர்கள் முகத்தில், ஆராய்ச்சியில் பங்கெடுக்கும் பெருமை எதையும் காணோம். சிவப்பு வந்தவர் சிரித்தார், வெள்ளை வந்தவர் முகம் சுருங்கியது. இதை நான் கவனித்தேன். கவனித்துவிட்டு, மக்களுக்கு ஊசி என்றால் பயம் என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். படித்த முட்டாள்தனத்துக்கு ஒரு தனி ருசி உண்டு.

பதினைந்தாவதோ பதினாறாவதோ ஆளாக சீனியம்மாள் வந்தார். ஐம்பது தாண்டியவர். வீட்டுக்காரர் அருப்புக்கோட்டையில் விசைத்தறி ஓட்டிக்கொண்டிருந்தவர், நெஞ்சுச் சளியும் இருமலும் பிடித்து வீட்டோடு இருக்கிறார். அந்த வீட்டில் அடுப்பு எரிவது ஒற்றைக் கலப்பினப் பசுவால். சீனியம்மாள் பொட்டலத்தைப் பிரித்தார். வெள்ளை.

அவர் முகம் சுளிக்கவில்லை. என்னைப் பார்த்துக் கேட்டார்.

“வெள்ளன்னா ஊசிதான சார்?”

“ஆமாம்மா.”

“எடயில மாத்திக்கிறலாமா?”

“கூடாதும்மா. பத்து நாளைக்கு வேற எதையும் மாட்டுக்குப் போடக் கூடாது. மாத்தினா ஆராய்ச்சி கெட்டுப் போகும்.”

“சரி சார்.” நந்தியாவட்டையைத் தலையில் செருகிக்கொண்டு போய்விட்டார்.

இருபது பேரில் அந்தக் கேள்வியைக் கேட்டவர் அவர் ஒருவர்தான். மற்ற பத்தொன்பது பேரும் ஏன் கேட்கவில்லை என்று நான் அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

ஆத்தாளுக்கு வேலை கொடுத்தவர்

ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டேன். எம்.ரெட்டியபட்டியிலிருந்து திருச்சுழிப் பக்கம் போகும் வழியில், பஸ் நிற்கும்போது டிரைவர் முணுமுணுக்கும் ஓர் ஊர். பெயரைச் சொன்னால் அழகர்சாமி அடுத்த பஸ்ஸிலேயே ஏறி என் வீட்டுக்கு வந்துவிடுவார்.

அழகர்சாமி அந்த ஊர்ப் பால் சொசைட்டிக்குச் செயலாளர். பருத்தியும் கம்பும் போடுகிற சம்சாரி. ஆறடி ஆள், பேச்சு அதற்கும் மேல். நான் கம்ப்யூட்டர் அட்டவணையை விரித்து விளக்கியபோது பொறுமையாகக் கேட்டுவிட்டு, இது இந்த ஊரில் செல்லாது என்றார்.

“ஒங்க கம்ப்யூட்டரு எவனுக்கு ஊசின்னு சொன்னாலும், டாக்டரு வேண்டப்பட்டவுகளுக்கு நல்லதக் குடுத்துட்டாருன்னுதான் ஊரு பேசும். ஆத்தா முன்னாடி பூப்போட்டா எவனும் வாயத் தெறக்க மாட்டான்.”

யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னதில் குறை இல்லை. குலுக்கிப் போட்ட இருபது பொட்டலமும் கம்ப்யூட்டர் எண்ணும் நியாயத்தில் ஒன்றுதான். அறிக்கையில் ‘குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்டன’ என்று எழுதிக்கொள்ளலாம், பொய்யும் இல்லை. விஞ்ஞானத்தையும் மண்ணின் மரபையும் ஒரே தாம்பாளத்தில் வைத்துவிட்ட பூரிப்பில், அன்றைக்கு மதியம் ரெட்டியபட்டிக் கடையில் இரண்டு புரோட்டா கூடுதலாகச் சாப்பிட்டேன்.

பாட்டி இல்லாத கதை

போன வாரம் இந்தத் தொடரில், நான் அலோபதியை விட்டு மூலிகைக்கு மாறியதைப் போகிற போக்கில் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு ஒரு வாசகர், ‘உங்களுக்கு இந்த ஞானத்தைக் கொடுத்த மூதாட்டி யார்?’ என்று உருக்கமாகக் கேட்டு எழுதியிருக்கிறார். அவரை ஏமாற்ற வேண்டியிருக்கிறது. மூதாட்டி யாரும் இல்லை. அழகர்சாமியின் செல்போன்தான்.

என் அப்பா அருப்புக்கோட்டையில் நூல் கடை வைத்திருந்தார். வீட்டில் மாடு கிடையாது, காகிதக் கோனில் சுற்றிய நூல்தான் உண்டு. மகன் டாக்டருக்குப் படிக்கப் போகிறான் என்று கடைத்தெரு முழுக்கச் சொல்லியிருந்தவர், எந்த டாக்டர் என்று தெரிந்த பிறகு ஒரு மாதம் மெயின் பஜார் வழியாக நடக்கவில்லை. படித்து முடித்து திருச்சுழிப் பக்கம் வேலைக்கு வந்தபோது எனக்கு ஊசியைத் தவிர வேறு தெய்வம் கிடையாது. மடியில் யாராவது பச்சிலை அப்பியிருந்தால் ஒரு குடம் தண்ணீர் கேட்டு வாங்கி, நானே கழுவிவிட்டு, கழுவும்போதே திட்டுவேன். நான் கழுவிவிட்ட மடிகளை இப்போது நினைத்தால் கூசுகிறது.

பிறகு மேல்படிப்பு, ஆராய்ச்சி, ஆன்டிபயாடிக் மருந்துகளைப் பற்றியே ஒரு தடித்த ஆய்வேடு. திரும்பி வந்து ஆய்வகத்தில் உட்கார்ந்திருந்த காலத்தில்தான் அழகர்சாமியின் மாட்டுப் பால் பரிசோதனைக்கு வந்தது. கண்ணாடித் தட்டில் அந்தக் கிருமியை வளர்த்து, மேலே மருந்து வில்லைகளை வைப்போம். மருந்து வேலை செய்தால் வில்லையைச் சுற்றித் தெளிந்த வட்டம் விழும். அந்தத் தட்டில் ஒரு வட்டமும் விழவில்லை. என் ஆய்வேட்டில் நான் புகழ்ந்து எழுதியிருந்த மருந்துகள் அத்தனையும் வரிசையாக உட்கார்ந்து வேடிக்கை பார்த்தன. காம்பு போய்விடும், மாட்டை விற்றுவிடுங்கள் என்று சொல்வதற்காக நேரில் போனேன்.

மாடு பால் கறந்துகொண்டிருந்தது. நுரை பொங்கும் நல்ல பால். என்ன செய்தீர்கள் என்றேன். செல்போனில் ஒரு வீடியோவைக் காட்டினார். கற்றாழை, மஞ்சள், துளி சுண்ணாம்பு, அரைத்து ஒரு நாளைக்குப் பத்துத் தடவை மடியில் தடவு என்று யாரோ ஒரு மாட்டுப்பண்ணைக்காரர், பின்னணியில் ஏதோ சினிமாப் பாட்டு ஓடச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த வீடியோவை அவருக்கு அனுப்பியது கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் மச்சினன்.

எனக்கு வியப்பு வரவில்லை, கோபம்தான் வந்தது. இருபத்தைந்து ஆண்டுப் படிப்பை ஒரு மச்சினன் பார்வர்டு செய்த வீடியோ காலி செய்தால் யாருக்கும் வரும். அந்தக் கோபத்தில்தான் இறங்கினேன். பொய் என்று நிரூபிக்கப் போய், ஒவ்வொரு மாடாகத் தேறுவதைப் பார்த்து, கடைசியில் இரண்டு அறைக் கட்டடத்தில் மரபு மருத்துவப் பிரிவு என்று ஒரு பலகை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.

உடனே இன்னொரு கூட்டம் என்னைத் தேடி வந்தது. வெள்ளை வேட்டி, கழுத்தில் உருத்திராட்சம், காரில் ஏ.சி. முன்னோர்கள் செய்த எல்லாம் மருந்துதான் என்று என் வாயால் சொல்ல வேண்டுமாம். வீங்கின மாட்டுக்குக் காய்ச்சின கம்பியால் சூடு போடுவதும், கண்ணேறு கழிய மாட்டின் கழுத்தில் பிய்ந்த செருப்பைக் கட்டுவதும்கூட முன்னோர் செய்ததுதான். சூடு போட்ட மாட்டுக்கு வீக்கத்தோடு புண்ணும் சேரும், அவ்வளவுதான் பலன். இப்படிச் சொன்னதும் அவர்களுக்கு நான் துரோகி ஆகிவிட்டேன். ஊசியை நம்பும் பழைய நண்பர்களுக்கு ஏற்கெனவே நான் சாமியார். ஆக, இரண்டு பக்கமும் சமமாகத் திட்டு வாங்குகிற ஒரு நடுநிலை எனக்குக் கிடைத்தது.

இரண்டு பக்கத்துக்கும் பதில் சொல்லத்தான் அந்த ஆராய்ச்சி. பத்து மாட்டுக்குக் கற்றாழை, பத்து மாட்டுக்கு ஊசி, ஒளிவுமறைவு இல்லாமல் ஒரு போட்டி. முடிவு தெளிவாக வராவிட்டால் பலகையைக் கழற்றிவிடுவோம் என்று எங்கள் இயக்குநர் நயமாகச் சொல்லியிருந்தார்.

என் கல்யாணத்துப் பூ

இந்த இடத்தில் என் கல்யாணக் கதையைச் சொல்லியாக வேண்டும். சம்பந்தம் இருக்கிறது.

எனக்குப் பெண் கிடைப்பது கஷ்டமாக இருந்தது. கடை வைத்திருப்பவர்களும் கணக்குப் பிள்ளைகளும் போட்டி போடும் சந்தையில், மாட்டின் பின்பக்கம் முழங்கை வரை கைவிடுகிற மாப்பிள்ளைக்கு எங்கே மதிப்பு? பாளையம்பட்டியில் ஒரு வீட்டில் சம்மதித்தார்கள். அம்மாவுக்குப் பெண்ணை மிகவும் பிடித்துவிட்டது. ஆனாலும் முறைப்படி கோயிலுக்குப் போய்ப் பூப்போட்டுப் பார்த்தாள். சிவப்பு வந்தால் செய்யலாம், வெள்ளை வந்தால் வேண்டாம். இது எங்கள் பக்கத்துக் கணக்கு. நாலு ஊர் தள்ளிப் போனால் தலைகீழாக வைத்திருப்பார்கள்.

வெள்ளை வந்தது. அம்மா அலட்டிக்கொள்ளவில்லை. கேட்ட நேரம் சரியில்லை என்று அடுத்த வெள்ளிக்கிழமை போனாள். மறுபடியும் வெள்ளை. பூசாரி சரியாகக் குலுக்கவில்லை என்று அதற்கடுத்த வெள்ளி. இப்படி ஐந்தாவது வெள்ளியில் சிவப்பு வந்தது. ஆத்தாளே உத்தரவு கொடுத்துவிட்டாள் என்று அன்றைக்கே பாக்கு வெற்றிலை மாற்றிவிட்டாள். இந்தக் கதையை என் மனைவி இன்று வரை மறக்கவில்லை. சண்டை வரும்போதெல்லாம் முதல் நாலு பூவை எடுத்துச் சொல்வாள்.

இப்படிப் பிறந்து வளர்ந்து கல்யாணமும் ஆன எனக்கு, எங்கள் சனம் பூவை எத்தனை தரம் கேட்கும் என்பது அந்தக் கோயில் வாசலில் நிற்கும்போது சுத்தமாக மறந்துவிட்டது. போதாததற்கு, வேண்டாம் என்று பொருள்படுகிற வெள்ளையை ஊசிக்கு வைத்தவனும் நான்தான்.

ஐந்தாம் நாள்

ஒன்றுவிட்டு ஒரு நாள் ஊருக்குப் போய் இருபது மாட்டையும் பார்த்துவந்தேன். ஐந்தாம் நாள் பார்த்தபோது கற்றாழை மாடுகள் தேறியிருந்தன. ஊசி மாடுகளும் தேறியிருந்தன, நான் எதிர்பார்த்ததைவிட நன்றாகவே. கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

அன்று பள்ளிக்கூட வேலி ஓரம் வரிசையாக நின்ற கற்றாழைகள் மொட்டையாகக் கிடந்தன. ஆடு மேய்ந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு நடந்தேன். எந்த ஆடு கற்றாழை தின்னும் என்று ஒரு கால்நடை மருத்துவனுக்குத் தோன்றவில்லை.

தேறாத மாடு ஒன்றே ஒன்று. சீனியம்மாளின் மாடு. வலது பக்க இரண்டு காம்பும் விறைத்து, கையை வைத்தால் உதைத்தது. பீய்ச்சினால் மஞ்சள் தண்ணீரும் கட்டியுமாக வந்தது. ஊசி போட்டிருப்பதால் மற்ற காம்புப் பாலையும் சொசைட்டியில் ஊற்றக் கூடாது என்று நானே தடுத்திருந்தேன். கறந்த பாலை அவர் தினமும் கருவேல மரத்தடியில் ஊற்றிக்கொண்டிருந்தார். உள்ளே வீட்டுக்காரர் இருமிக்கொண்டிருந்தார்.

அந்த மாட்டுப் பாலின் கண்ணாடித் தட்டை நான் அன்று காலைதான் பார்த்துவிட்டு வந்திருந்தேன். ஒரு வட்டமும் விழவில்லை. எந்த ஊசியும் அதற்குக் கேட்காது என்பது எனக்குத் தெரியும்.

சீனியம்மாள் தொழுவில் நின்று கேட்டார். “சார், எல்லாரும் கத்தாழ நல்லாக் கேக்குதுங்காக. நானும் போட்டுப் பாக்கவா?”

என் ஆராய்ச்சித் திட்டத்தில் ஒரு விதி இருக்கிறது. மாட்டின் நிலை மோசமானால் அதை உடனே ஆராய்ச்சியிலிருந்து விலக்கி வேறு சிகிச்சை தர வேண்டும். எழுதியவன் நான். ஆனால் விலக்கினால் ஊசிப் பிரிவில் ஒன்பது மாடுதான் இருக்கும். அதுவும் தோற்ற மாட்டை விலக்கிவிட்டு மீதியை மட்டும் காட்டினால் ஊசிக்கு ஒரு தோல்வியும் இருக்காது. என் கற்றாழை ஜெயிக்க ஊசி எங்கேயாவது தோற்றாக வேண்டும் அல்லவா? இவ்வளவும் அந்தத் தொழுவில், சாணி மிதித்து நின்றபடி, அரை நிமிடத்தில் என் மூளைக்குள் ஓடியது.

“இன்னும் அஞ்சு நாள் பொறுங்கம்மா. ஊசியை மாத்திப் போடுறேன்” என்றேன்.

“நீங்க சொன்னா சரி சார்.”

மாற்று ஊசியும் போட்டேன். அதற்கும் வட்டம் விழவில்லை என்று தெரிந்தே போட்டேன். இந்தத் தொடரில் இதுவரை என் வீரதீரங்களை நிறைய எழுதியிருக்கிறேன். இதையும் எழுதாவிட்டால் மற்றதெல்லாம் பொய்யாகிவிடும்.

சிவந்த கைகள்

பத்தாம் நாள் காலை, பால் ஊற்றி முடிந்த பிறகு, இருபது பேரையும் சொசைட்டிக் கட்டடத்துக்கு வரச் சொல்லியிருந்தேன். மேசையில் இருபது தாள். ‘கொடுத்த சிகிச்சையைத் தவிர வேறெதுவும் செய்யவில்லை’ என்று ஒவ்வொருவரும் கையெழுத்துப் போட வேண்டும்.

முதலில் வந்தது ஊசிப் பிரிவைச் சேர்ந்த ஒரு மீசைக்காரர். பேனாவை வாங்கக் கையை நீட்டினார். உள்ளங்கை சிவந்திருந்தது, மருதாணி வைத்த மாதிரி. வீட்டில் ஏதும் விசேஷமா என்று கேட்டேன். சிரித்து மழுப்பினார். அடுத்தவரும் ஊசிப் பிரிவு. அவர் கையும் சிவப்பு. அவருக்கு அடுத்தவருக்கு நகக்கண் வரைக்கும் சிவப்பு.

மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்தால் சிவக்கும். ஆரத்தி கரைக்கத் தெரிந்த எல்லோருக்கும் தெரியும். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை மடியில் அதைத் தடவினால் கை எப்படி இருக்கும் என்று என் கற்றாழைப் பிரிவின் கைகளைப் பார்த்து எனக்கும் தெரியும். ஆனால் இப்போது அறை முழுக்கச் சிவந்த கைகளாக இருந்தன.

அழகர்சாமியைத் தனியாக இழுத்துக்கொண்டு போய்க் கேட்டேன். அவர் கொஞ்சமும் கூச்சப்படவில்லை.

“மூணு தரம் கேட்டு, அதுல ரெண்டு தரம் வாரதுதான சார் உத்தரவு? ஒரு தரம் கேட்டுப்புட்டு நீங்க நோட்ட மூடிக்கிட்டுப் பஸ் ஏறிட்டீக. நாங்க மறுநாப் போயி மிச்சத்தக் கேட்டோம்.”

வெள்ளை வந்தவர்கள் அநேகமாக எல்லோரும் மறுநாள் சாயங்காலமே கோயிலுக்குப் போயிருக்கிறார்கள். சிலருக்கு அடுத்த இரண்டு தரமும் சிவப்பே வந்துவிட்டது. வராதவர்கள் வரும்வரை கேட்டிருக்கிறார்கள், என் அம்மா மாதிரி. நான் போட்ட ஊசிக்கு மரியாதைக் குறைவு ஏற்படக் கூடாது என்று அதையும் போட்டுக்கொண்டு, கற்றாழையையும் தடவியிருக்கிறார்கள். நான் வருகிற நாளில் மட்டும் மடியைச் சீயக்காய் போட்டுக் கழுவி வைத்திருக்கிறார்கள். ஒரு காலத்தில் நான் கழுவிவிட்ட மடிகளை இப்போது எனக்காக அவர்களே கழுவியிருக்கிறார்கள். கற்றாழைப் பிரிவில் இரண்டு பேர் பயந்துபோய் வெளியாள் ஒருவரைக் கூட்டிவந்து ஊசியும் போட்டிருக்கிறார்கள். ஆக, என் இரண்டு பிரிவும் ஒரே குழம்பாகக் கொதித்துக்கொண்டிருந்தது.

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. இரண்டு மாதத் திட்டம், பத்து நாள் அலைச்சல், எல்லாம் போயிற்று என்று தெரிந்தும் சிரிப்பை அடக்க முடியவில்லை. சிரித்துக்கொண்டே மேசைக்குத் திரும்பினேன்.

அங்கே சீனியம்மாள் நின்றுகொண்டிருந்தார். பேனாவை வாங்கிக் குனிந்து, ஒவ்வொரு எழுத்தாகத் தன் பெயரை எழுதினார். இடது கை தாளை அழுத்திப் பிடித்திருந்தது. எழுதி முடித்துக் கையைத் திருப்பி முந்தானையில் துடைத்தார். இரண்டு உள்ளங்கையும் வெறுமையாக, சாணி வறண்ட வெடிப்போடு இருந்தன. அந்த அறையில் சிவக்காத கை அது ஒன்றுதான்.

“நீங்க மறுபடி பூக் கேக்கலையாம்மா?” என்றேன்.

“மாத்தக் கூடாதுன்னு நீங்கதான சார் சொன்னீக.”

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். அதில் குற்றச்சாட்டு இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

நேராக அவர் வீட்டுக்குப் போனேன். கற்றாழையைச் சீவி, அவர் வீட்டு மிக்ஸியில் மஞ்சளும் சுண்ணாம்பும் போட்டு நானே அரைத்து, நானே தடவினேன். சாயங்காலம்வரை அந்தத் தொழுவில் உட்கார்ந்து பத்துத் தடவை தடவினேன். மாடு என்னை இரண்டு முறை உதைத்தது. வாங்கிக்கொண்டேன்.

இடது பக்கக் காம்புகள் பிழைத்தன. வலது பக்கம் இரண்டும் கல்லாகிவிட்டன. ஐந்து நாள் முன்பே தடவியிருந்தால் பிழைத்திருக்குமா என்று கேட்டால், தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளத்தான் ஆராய்ச்சியே. தடவிப் பார்க்கட்டுமா என்று கேட்டவரைத் தடுத்தவன் நான் என்பது மட்டும் தெரியும்.

பொய் தேவைப்படாத பொய்

இயக்குநரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு மகிழ்ந்து போனார். நீங்கள் எழுதி வைத்ததில் தவறில்லையே என்றார். கற்றாழைப் பிரிவு குணம், ஊசிப் பிரிவும் ஒன்றைத் தவிரக் குணம். கற்றாழை ஊசிக்குச் சற்றும் குறைந்ததல்ல என்று எழுதிவிடலாம். கையெழுத்துத் தாள் இருபதும் கையில் இருக்கிறது. பலகையும் நிலைக்கும்.

ஆசையாகத்தான் இருந்தது. ஒரு சொல்கூட நானாகப் பொய்யாக எழுத வேண்டாம், தாள்களே பொய் சொல்லிக்கொள்ளும். வீட்டுக்கு வந்து எழுதவும் உட்கார்ந்தேன். ஊசிப் பிரிவு என்று தலைப்புப் போட்டு, அதில் தேறாத அந்த ஒரு மாட்டைப் பற்றி எழுத வேண்டிய வரி வந்தது. ‘சிகிச்சை பலனளிக்கவில்லை’ என்று எழுதினேன். அதற்கு மேல் பேனா நகரவில்லை. இருபது பேரில் என் பேச்சை முழுதாக நம்பியவர் ஒருவர். அவர் மாடு கெட்டது என் அறிக்கையில் ஊசியின் தோல்வியாகப் போகிறது. அது என் தோல்வி.

தாளைக் கிழித்துவிட்டு வேறு அறிக்கை எழுதினேன். பூ, மூன்று தரம், சீயக்காய், சிவந்த கைகள், ஐந்தாம் நாள் தொழு, எல்லாம். இந்த ஆராய்ச்சியிலிருந்து எந்த முடிவுக்கும் வர முடியாது என்று முடித்தேன். இயக்குநர் அதை ஒரு கூட்டத்தில் வாசித்தபோது அறை குலுங்கச் சிரித்தார்களாம். நிதி நின்றது. பலகையை மட்டும் யாரும் கழற்றவில்லை, ஏணி கிடைக்கவில்லை என்றார்கள்.

நோட்டைக் குடுங்க

ஓர் ஆண்டுக்கு மேல் அங்கே இங்கே கெஞ்சி, சிறிதாக இன்னோர் ஆராய்ச்சிக்கு அனுமதி வாங்கினேன். இம்முறை பூ கிடையாது. அதைவிட முக்கியம், எனக்கு ஒரு காவல் வேண்டும். ஊர்க்காரர்களைப் பார்த்துக்கொள்ள மட்டுமல்ல, என்னையும். எந்த மாடு மோசமாகிறதோ அதை அப்போதே நிறுத்து என்று சொல்லும் அதிகாரம் என் கையில் இருக்கக் கூடாது என்று முடிவு செய்திருந்தேன்.

சீனியம்மாள் வீட்டுக்குப் போனேன். மாடு மறுகன்று போட்டிருந்தது. இடது பக்கம் மட்டும் தொங்கும் மடியோடு நின்றது. கன்று வலது பக்கம் ஒரு முறை முட்டிப் பார்த்துவிட்டு, பழக்கப்பட்டதுபோல் இடது பக்கம் மாறிக்கொண்டது. நான் தரையைப் பார்த்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னேன். நோட்டு உங்களிடம்தான் இருக்கும், நீங்கள் நிறுத்தென்றால் நான் நிறுத்த வேண்டும், ஏன் என்று கேட்கக் கூடாது.

அவர் ரொம்ப நேரம் மாட்டின் முதுகைத் தட்டிக்கொண்டிருந்தார். “ஆத்தாகிட்டக் கேட்டுச் சொல்றேன்” என்றார். ஒரு தரத்தோடு நிறுத்திக்கொண்ட ஆள் இந்த முறை மூன்று வெள்ளிக்கிழமை கேட்டார். நானும் மூன்று வாரம் காத்திருந்தேன். கல்யாணத்துக்குக்கூட இவ்வளவு பயந்ததில்லை.

மூன்றாவது வெள்ளிக்கு மறுநாள் போனேன். அவர் தொழுவில் பருத்திக்கொட்டைப் பால் வைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் வாளியைக் கீழே வைத்தார்.

“இந்த டாக்டர நம்பலாமான்னு கேட்டேன் சார். மூணு தரமும் வெள்ளதான் வந்துச்சு.”

சரிம்மா என்று பையை எடுத்துத் தோளில் மாட்டினேன். வாசலைத் தாண்டுவதற்குள் பின்னாலிருந்து குரல் வந்தது.

“எங்க கெளம்பிட்டீக? ஆத்தா ஒங்கள நம்ப வேணாம்னுதான சொல்லுச்சு. அப்ப பக்கத்துலயே இருந்து பாத்துக்கிறணும்ல?”

ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு என் முன்னால் நீட்டினார்.

“நோட்டக் குடுங்க.”